முத்துமீனா முகம் பழக்குகிறாள்

ஸ்கூட்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் முத்துமீனா எந்த வீட்டு அழைப்புமணியிலும் கை வைப்பாள். சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும், உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும், வண்டியை முன்னும் பின்னும் தள்ளி அதன் மூக்கு வெளியே நோக்கி நிற்க வேண்டும். சாவியை முதுகில் மாட்டியிருக்கும் பெரிய பையில் போட மாட்டாள், சீருடைச் சட்டையின் மேல் பாக்கெட்டில் வைத்துக்கொள்வாள். கழற்றிப் போடுகிற செருப்பும் வாசலுக்கு முதுகு காட்டித்தான் கிடக்கும். "அவசரத்துல திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்க முடியாதுல்ல" என்பாள். என்ன அவசரம் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாள்.

மணி அடிப்பதற்கு முன்னால் இன்னொரு சடங்கு இருக்கிறது. கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகம் சரியாக உட்கார்ந்தால் சுற்றிலும் ஒரு கோடு ஓடிவந்து பச்சையாகும். வந்திருப்பது முத்துமீனாதான், வேறு யாருமல்ல என்று அவளை வேலைக்கு அனுப்புகிற கம்பெனி ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். கோடு ஓடுகிற நேரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாடியிலிருந்து யாராவது இறங்கி வந்து "யாரும்மா?" என்று கேட்டாலும் திரும்ப மாட்டாள். பச்சை விழுந்த பிறகு ஒரு மூச்சு விடுவாள் பாருங்கள், கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளைகூட அப்படி விடாது.

ஓர் அழகு நிலையத்தை அப்படியே முதுகில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகிற வேலை அவளுடையது. புருவம் எடுப்பாள், ஃபேஷியல் செய்வாள், கை கால் முடி நீக்குவாள், பாதங்களைத் தேய்த்துக் கழுவி நகத்துக்குச் சாயம் பூசுவாள். மெழுகு உருக்குகிற ஹீட்டர், மடக்கு ஸ்டூல், ஒருமுறை விரித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற விரிப்புகள், பிளாஸ்டிக் டப்பு எல்லாம் அந்தப் பைக்குள் அடக்கம். பையைத் தூக்கி மாட்டினால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆள் தெரியாது, பைதான் நடந்து போவது போலிருக்கும். அண்ணா நகர், கே.கே. நகர், திருப்பாலை, ஐயர் பங்களா என்று கைப்பேசியில் கம்பெனியின் ஆப் எங்கே கைகாட்டுகிறதோ அங்கே போக வேண்டும். குடியிருப்பது ஒத்தக்கடையில், யானைமலை தெரிகிற ஒரு வாடகை வீட்டில்.

முன்பு மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பார்லரில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவள்தான். வாடிக்கைப் பெண்கள் எல்லாம் போனைத் தட்டி ஆளை வீட்டுக்கே வரவழைக்கத் தொடங்கியதும் பார்லர்க்கார அக்கா நாற்காலிகளை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாற்காலி போன பிறகு முத்துமீனா மட்டும் எங்கே உட்காருவாள்? ஆப்பில் சேர்ந்தாள். கணவர் சிவக்குமார் மேலூர் பக்கம் கல் குவாரியில் இருந்தவர். குவாரி நின்ற பிறகு அவரும் அதே மாதிரி, போன் அடித்தால் லோடு வண்டி, அடிக்காவிட்டால் வீடு. இரண்டாம் வகுப்பு படிக்கிற பவதாரிணி ஒரே மகள்.

முத்துமீனா பயந்தவள். அதை மறைக்கவும் மாட்டாள். மாட்டுத்தாவணி நிழற்குடையில் சவாரிக்குக் காத்திருக்கிற பைக் டாக்சிக்காரர் ராஜபாண்டி ஒருநாள் அவளைக் கேலி செய்தபோது, "பயம் இருக்கப் போயித்தாண்ணே நான் முழுசா வீடு வந்து சேருறேன்" என்றாள். அதில் பொய்யே இல்லை. ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தாகமெல்லாம் கிடையாது, அவள் பையிலேயே பாட்டில் இருக்கிறது. தண்ணீர் கேட்டால் யார் எழுந்து போகிறார்கள், சமையலறையில் யாருடைய சத்தம் கேட்கிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்துவிடும். "தண்ணி கேட்டா வீட்ல யாரு யாரு இருக்காகன்னு வீடே சொல்லிரும்" என்பாள். கண்ணாடியை எந்தப் பக்கம் வைத்தாலும் கதவு அதில் தெரிகிற மாதிரிதான் வைப்பாள். வாடிக்கையாளர் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது அவள் கை முகத்தைத் தேய்க்கும், கண் கண்ணாடியில் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பழக்கம் எல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை என்றாலும் ஒரு நாளுக்குப் பிறகு இறுகிப்போனது உண்மை. ஊருக்கு வெளியே புதிதாக வீடுகள் முளைத்த ஒரு காலனி. ஆப்பில் ஒரு பெண் பேர் இருந்தது. கதவைத் திறந்தது ஓர் ஆள். "வொய்ஃப் குளிச்சிட்டு இருக்காங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்தினார். தண்ணீர் கேட்டாள். அவரே போனார். குளியலறைப் பக்கமிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிற சத்தமும் இல்லை. "ஹீட்டர வண்டியிலயே விட்டுட்டேன் சார், இந்தா எடுத்தாரேன்" என்று குரல் நடுங்காமல் சொன்னாள், தாழ்ப்பாளைத் தள்ளினாள், வெளியே வந்தாள். ஸ்டூலும் டப்பும் அந்த வீட்டிலேயே போயின. வண்டி மட்டும் தெருவைப் பார்த்து நின்றிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பாள்.

அதைவிடப் பெரிய பயம் மறுநாள் வந்தது. வேலையைப் பாதியில் விட்டுப் போனதாக ஒற்றை ஸ்டார் விழுந்திருந்தது. ஆப்பில் உதவி என்கிற இடத்தைத் தொட்டு நடந்ததையெல்லாம் தப்பும் தவறுமாகத் தட்டி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம். பணியைக் கைவிட்டது பதிவாகியுள்ளது." மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே இரண்டு வரிகள், புள்ளி மாறாமல். அந்த வாரம் முழுக்கக் கைப்பேசி ஊமையாகக் கிடந்தது. பயிற்சி கொடுத்த இடத்துக்காவது போய்க் கேட்கலாம் என்று பைபாஸ் ரோட்டுப் பக்கம் போனாள். அது ஒரு ஹோட்டல் ஹால். அன்றைக்கு அங்கே யாருக்கோ காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவளை வரவேற்று, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"எங்க போயிச் சொல்றதுண்ணே?" என்று ராஜபாண்டியிடம் கேட்டாள். "மெட்ராசுங்கிறாக, பெங்களூருங்கிறாக. ஒரு கதவு இருந்தாத் தட்டலாம். தொறக்குறாகளோ இல்லையோ, தட்டுன மனசாச்சும் ஆறும்ல."

அவளுக்குத் தெரிந்து கதவு உள்ள அதிகாரி ஒருவர்தான். அழகர்கோவிலில் படிகளுக்கு மேலே, சந்தனம் அப்பிய பெரிய கதவுகளாகவே நிற்கிற பதினெட்டாம்படிக் கருப்பு. மேலூர் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும். ஊரில் என்ன வழக்கென்றாலும் கடைசியில் "கருப்பு கதவுக்கு முன்னால வந்து சொல்லு" என்பார்கள். அதுவரை வரிந்துகட்டிப் பேசியவன் அங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்வான். அங்கே சொன்ன சொல்லை மாற்றிச் சொல்ல இதுவரை தனக்குத் தெரிந்து யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை என்பாள் முத்துமீனா.

அப்படிப்பட்டவரிடம் அவளுக்கு ஒரு வாக்குப் பாக்கி இருந்தது.

பார்லரில் வேலை பார்த்த கடைசிக் காலத்தில் பவதாரிணிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்று, அழகர்மலை எந்தத் திசை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி, கொண்டையை அவிழ்த்து முடியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "கருப்பா, இத அப்படியே ஒனக்குத் தந்துர்றேன். எம் பிள்ளைய விட்டுரு." பிள்ளை தப்பியது. முடியைக் கொடுக்கப் போவதற்குள் பார்லர் மூடியது, ஆப் வந்தது, பயிற்சி, புது வேலை, ஒன்று மாற்றி ஒன்று. நல்ல நாள் பார்த்துப் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. தொழிலில் அதுதான் அவளுக்கு விளம்பரப் பலகை. ஃபேஷியலுக்குக் கூப்பிட்டவர்கள் முடியைப் பார்த்துவிட்டு "என்னம்மா தேய்க்கிற?" என்று கேட்டு, தலைக்கும் ஏதாவது செய்யச் சொல்வார்கள். பயிற்சி முடிந்து கம்பெனிக்காகப் படம் எடுத்த அன்றைக்கு, "முடிய முன்னாடி போட்டுச் சிரிங்க" என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். முத்துமீனாவும் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி, பின்னலை அவிழ்த்து இரண்டு தோளிலும் வழியவிட்டு, பூ வேறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த முகந்தான் இனி எந்நாளும் ஒத்துப்பார்க்கப்படுகிற முகம் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் முதலில் மொட்டையடித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தவறை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ராஜபாண்டிதான் புரியவைத்தார். அவர் பழநிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தவர். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கைப்பேசிக்கு முகத்தைக் காட்டினார். சிவப்பு. மறுபடி காட்டினார். சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்பு விழுந்ததும் ஐடியைப் பூட்டிவிட்டார்கள். "மொட்டைதான்டா போட்டேன், மூஞ்சியவா மாத்துனேன்னு கேக்க ஆளு வேணும்ல" என்றார். முடி வளருகிறவரைக்கும் வீட்டில் கிடந்தார். பிறகும் லேசில் திறக்கவில்லை. இப்போது வேறொரு கம்பெனியில், முதலிலிருந்து ஆரம்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் சலூனில் நாற்காலியில் உட்கார்ந்தால் "கொஞ்சமா எடு மாப்ள, ரொம்பக் கொறச்சிறாத" என்று கெஞ்சுகிற மனிதர் அவர்.

அதைக் கேட்ட நாளிலிருந்து முத்துமீனாவுக்கு இரண்டு பக்கமும் கிலி. கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் என்ன போகும் என்பதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். பவதாரிணி ஒரு தும்மல் போட்டால் கழுத்தில் கை வைத்துச் சூடு பார்ப்பாள். பிள்ளை தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், அது கட்டணத்துக்கோ கலைவிழாவுக்கோ என்று தெரிகிறவரைக்கும் அவளுக்கு உயிர் இருக்காது.

ஆனால் பயந்தவளுக்கும் ஒரு தந்திரம் தோன்றும். ராஜபாண்டி திடீரென்று மாறியதுதான் தப்பு என்று அவளுக்குப் பட்டது. பால்குடியைப் பிள்ளைக்கு ஒரே நாளில் மறக்கடித்தால் அழுது ஊரைக் கூட்டும், நாளாக நாளாகக் குறைத்தால் தானே விட்டுவிடும். கைப்பேசியையும் அப்படி வழிக்குக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தாள். "கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கிவிடுறேன்" என்று ராஜபாண்டியிடம் ரகசியம் மாதிரிச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

முதலில் தோளில் தொங்கிய முடியைப் பின்னலாக்கிப் பின்னால் தள்ளினாள். பச்சை விழுந்தது. சில நாள் கழித்துப் பின்னலைக் கொண்டையாக்கினாள். பச்சை. காதோரத்துச் சுருளை எண்ணெய் வைத்துப் படிய வாரினாள். பச்சை. பிறகு வேலைக்காக வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொப்பியை எடுத்தாள். முதலில் உச்சந்தலையில் மட்டும், அப்புறம் பாதித் தலைக்கு, அப்புறம் முன்நெற்றிக்குக் கொஞ்சம் மேலே என்று நாளுக்கு ஒரு நூல் கீழே இறக்கினாள். ஒருநாள் ஆசை மிஞ்சி நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டாள். சிவப்பு. திருப்பாலையில், வேலைக்குப் போயிருந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொப்பியைக் கொஞ்சம் மேலே ஏற்றி மறுபடி காட்டினாள், பச்சை விழுந்தது. அன்றைக்கு அந்த மேடத்தின் புருவத்தை எடுக்கும்போது பல்லில் கடித்திருந்த நூல் இரண்டு தடவை அறுந்தது. மறுநாள் முதல் அவசரப்படுவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகவே போனது. ஆடி பிறப்பதற்குள் தலைமுடி ஒன்றுகூடத் தெரியாமல் தொப்பி போட்டுக் காட்டினாலும் கைப்பேசி ஒப்புக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. மொட்டையடித்துவிட்டு அதே தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், யாருக்குத் தெரியப்போகிறது? ராஜபாண்டியே வாயைப் பிளந்தார். ஆடியில் போகலாம் என்று சிவக்குமாரிடம் நாள் சொல்லிவிட்டாள். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் முழுச் சோறு சாப்பிட்டாள்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு காலை, ஆப்பைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. முகத்தைக் காட்டும்போது தலையில் தொப்பி, துணி எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஏன் என்று இல்லை, யார் சொன்னது என்று இல்லை. அதே வாரம் வியாழக்கிழமை பவதாரிணி பள்ளிக்கூடத்திலிருந்து சோர்ந்து வந்து படுத்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள் முத்துமீனா. கொதித்தது.

சாதாரணச் சளிக் காய்ச்சல்தான் என்றார் தெருமுனை டாக்டர். மருந்து கொடுத்தார், இரண்டாம் நாளே இறங்கியும் விட்டது. ஆனால் அவளிடம் யாரால் அதைச் சொல்ல முடியும்? "கேட்டு விட்டுருக்காரு" என்று மட்டும் சொன்னாள். யார் என்று சிவக்குமார் கேட்கவில்லை.

சிவக்குமாரின் அக்கா தாமரைச்செல்வி வாடிப்பட்டியிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வழி சொன்னாள். "எதுக்குத்தா முழு மொட்ட? பூமுடி குடுத்துட்டு வா. நுனியில கொஞ்சம் வெட்டிப் போட்டாப் போதும். பொம்பளைக அம்புட்டுப் பேரும் அப்படித்தான செய்றாக. சாமி கோவிச்சுக்கிறாது."

"நான் அப்படிச் சொல்லலயே மதினி" என்றாள் முத்துமீனா.

"மனசுல நெனச்சதுதான. மனச மாத்திக்கிர்றது."

"வாயத் தொறந்து சொன்னேன் மதினி. முடியக் கையில பிடிச்சுக்கிட்டு, அப்படியேன்னு சொன்னேன்."

சிவக்குமார் வாசற்படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேல போச்சுன்னா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் பயம்.

"போச்சுன்னா வேற பாக்கலாம்ங்க. வேற பிள்ளைக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சொன்னாளே தவிர, கண்ணாடி முன்னால் நின்று முடியை எண்ணெய் வைத்து, சீப்பால் அழுத்தி, நெற்றியோடு இழுத்துப் பின்னால் இறுக்கி முடிந்து, பக்கவாட்டில் திரும்பாமல் நேராக மட்டும் பார்த்துக்கொண்டாள். முன்னாலிருந்து பார்த்தால் மொட்டைக்கும் இதற்கும் எம்புட்டு வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அடுத்த சில நாட்கள் அந்தக் கோலத்திலேயே வேலைக்குப் போனாள். புருவம் மேலே ஏறிக்கொண்டு, எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் மாதிரி இருந்தாள். வாடிக்கைப் பெண் ஒருத்தி, "ஏம்மா, வீட்ல எதும் பிரச்சனையா?" என்றுகூடக் கேட்டாள். கைப்பேசி மட்டும் ஒன்றும் கேட்காமல் பச்சை காட்டியது.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். அப்பன்திருப்பதி தாண்டியதும் மலை தெரிந்தது. முத்துமீனா அங்கிருந்தே பேச்சை நிறுத்திவிட்டாள். கோயில் வளாகத்தில் வண்டியை நிறுத்தியபோது சிவக்குமார் கவனித்தார். வண்டி கோயிலைப் பார்த்தபடியே நின்றது.

"திருப்பலயா?" என்றார்.

"இங்கருந்து எங்கிட்டு ஓடுறது?" என்றாள் அவள்.

முடி எடுக்கிற இடத்தில் கூட்டம் இருந்தது. அவள் முறை வந்து உட்கார்ந்ததும், தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே முடியெடுப்பவர் ஒருமுறை நிறுத்தினார். "முழுசாவாத்தா?" என்று கேட்டார். இவ்வளவு முடியைப் பார்த்ததும் யாரும் ஒருமுறை கேட்பார்கள்தான். முத்துமீனா தலையை ஆட்டினாள். கத்தி ஓடியது. ஈர முடி மடியில் விழுந்தபோதெல்லாம் அதன் கனம் தொடையில் தெரிந்தது. பவதாரிணி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். தலையில் பூசிய சந்தனம் குளிர்ந்தது. எழுந்து நின்றபோது தலையே இல்லாதது போல் கழுத்து லேசாக இருந்தது அவளுக்கு.

கருப்பின் கதவுக்கு முன்னால் மூவரும் விழுந்து கும்பிட்டார்கள். வாக்குத் தீர்ந்தது. வீட்டுக்குக் கிளம்பலாம் என்று சிவக்குமார் நினைத்தார். முத்துமீனா நகரவில்லை, கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள்.

"இங்கயா? வீட்ல போயிப் பாத்துக்கலாமே" என்றார்.

"சாயங்காலம் ஐயர் பங்களாவுல ஒரு வேல ஒத்துக்கிட்டேன். எங்கருந்தாலும் பாத்துத்தான ஆகணும்?" கைப்பேசித் திரையைத் துப்பட்டாவில் துடைத்தாள். "இங்கயே பாத்துருவோம்ங்க. தப்பாப் போச்சுன்னா மொறையிட இங்கயாச்சும் ஒரு கதவு இருக்கு."

ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று கைப்பேசியைத் தூக்கினாள். வட்டம் வந்தது, கோடு ஓடியது. சிவப்பு. முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்று எழுத்து வந்தது. "சந்தனம் வெயிலுக்கு மின்னுது, அதான்" என்றார் சிவக்குமார். சந்தனத்தைத் துடைக்க அவளுக்குக் கை வரவில்லை. நெற்றியில் வழிந்திருந்ததை மட்டும் துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டு நிழலுக்கு நகர்ந்தாள். மறுபடி தூக்கினாள். கோடு பாதிவரைக்கும் ஓடிவந்து அப்படியே நின்றது. பிறகு சிவந்தது. இன்னும் ஒரே ஒரு முயற்சி மட்டும் உள்ளது என்றது எழுத்து.

"போதும் மீனா" என்றார் சிவக்குமார். "இதோட விட்டுரு. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"யாருகிட்டங்க சொல்றது?"

முத்துமீனா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கதவுக்கு முன்னால் போனாள். அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மொட்டைத் தலையோடு கைப்பேசியைத் தூக்கி நிற்கிறவளைப் பார்த்துக் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். சந்தனக் கதவை நேருக்கு நேர் பார்த்து நின்றாள். கதவுக்கும் தன் முகத்துக்கும் நடுவில் கைப்பேசியைப் பிடித்தாள். பெருவிரலால் அழுத்தினாள். வட்டம் வந்தது.

கோடு ஓடவில்லை. ஏதோ எழுத்து மட்டும் வந்து நின்றது. அம்மாவின் கையோரமாக எக்கி, பவதாரிணி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கண்களைத் திறந்து… நேராகப்… பார்க்கவும்." பிறகு அண்ணாந்து பார்த்து, "அம்மா, கண்ணத் தொறக்கச் சொல்லுதும்மா" என்றாள்.

"இரு பாப்பா" என்றாள் முத்துமீனா. நீட்டிய கையை இறக்காமல், கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.